ஆய்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

இந்தக் கடிதத்தை எழுதிய வாசகிக்கு வயது 34. இரண்டரை ஆண்டுகளாகக் குழந்தைக்கு முயன்று வருகிறார். மாதவிடாய் சீராக வருகிறது. கருப்பையில் குறையில்லை, கருக்குழாயில் அடைப்பில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையில் மட்டும் 0.6 என்று முடிவு வந்திருக்கிறது. "முட்டை தீர்ந்துகொண்டு வருகிறது" என்று ஆய்வுக்கூடத்தில் யாரோ சொல்ல, அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது என்கிறார்.

இதற்கிடையில், அவர் சிகிச்சைக்குப் போகும் மருத்துவமனையில் ஓர் ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அரசு நிதியில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வு அது. முதல் பகுதியில் ரத்தம், மாதவிடாய் ரத்த மாதிரி, ஸ்கேன், நீளமான ஒரு கேள்வித்தாள். மாதிரிகளைப் பத்து ஆண்டுகள் பாதுகாத்து வைப்பார்கள். இரண்டாம் பகுதியில் ஆறு மாதம் தினமும் ஒரு மாத்திரை. அதில் மருந்து இருக்கிறதா, அல்லது அது மருந்தே இல்லாத மாத்திரையா என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. படிவத்தில் கையெழுத்துக்கு இரண்டு இடங்கள் விட்டிருக்கிறார்கள்.

அக்கா, "உன்னைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்" என்கிறாராம். கணவரோ, "அரசாங்கப் பணம், பயப்பட ஒன்றுமில்லை, சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்கும், சேர்ந்துவிடு" என்கிறாராம். வாசகியின் சொந்தக் கேள்விகள் வேறு. மாதிரி கொடுத்தால் இருக்கிற முட்டையும் குறைந்துவிடுமா? மறுத்தால் மருத்துவர் முன்போல் கவனிப்பாரா? இவ்வளவு பணத்தை ஆய்வில் கொட்டுவதற்குப் பதில் என்னைப் போன்றவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தால் என்ன? கடைசிப் பத்தியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். திருமணத்துக்கு முன் அவருக்கு ஒரு கருக்கலைப்பு நடந்திருக்கிறது. கணவருக்கு அது தெரியாது. கேள்வித்தாளில் அதைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. இப்போது குழந்தை உண்டாகாமல் இருப்பதற்கே அதுதான் காரணமோ என்ற எண்ணமும் அவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உங்களை அதிகமாக அழுத்துகிறது என்று நினைக்கிறேன். முறையாக, தொற்று எதுவும் இல்லாமல் முடிந்த ஒரு கருக்கலைப்பு பிற்காலத்தில் கருத்தரிப்பதைத் தடுப்பதில்லை. பாதுகாப்பற்ற முறையில் நடந்து, அதைத் தொடர்ந்து கிருமித்தொற்று ஏற்பட்டு, கருக்குழாயோ கருப்பையின் உட்சுவரோ பாதிக்கப்பட்டிருந்தால்தான் சிக்கல். உங்களுக்குக் கருக்குழாய் திறந்திருக்கிறது, கருப்பை நன்றாக இருக்கிறது, மாதவிடாயும் சீராக வருகிறது. ஆக, அந்தப் பழைய நிகழ்வைக் காரணமாகச் சொல்ல எந்த அடையாளமும் இல்லை. இத்தனை நாள் நீங்கள் சுமந்துகொண்டிருக்கும் பழியை இறக்கி வைக்கலாம். ஆனால் உங்கள் மருத்துவரிடம், தனியாக இருக்கும்போது, இதைச் சொல்லுங்கள். பரிசோதனைகளைப் படிக்க அவருக்கு இது உதவும். நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதி இல்லாமல் கணவரிடம் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது.

அந்த 0.6 என்ன சொல்கிறது?

ஏ.எம்.ஹெச். என்பது சினைப்பைக்குள் வளரத் தொடங்கியிருக்கும் சின்னச் சின்னக் குமிழ்கள் சுரக்கும் ஒரு ஹார்மோன். மருத்துவர்கள் ஃபாலிக்கிள் என்று சொல்வது இந்தக் குமிழ்களைத்தான். அந்த மாதம் எத்தனை குமிழ்கள் அணிவகுத்து நிற்கின்றன என்பதற்கு இது ஒரு தோராயமான கணக்கு. ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய் முறையைச் செய்தால், ஊசி போட்டு முட்டை எடுக்கும்போது எத்தனை கிடைக்கலாம் என்று முன்கூட்டி ஊகிக்க உதவும். மருந்தின் அளவை முடிவு செய்யவும் உதவும். முட்டையின் தரத்தை இது சொல்லாது. தரத்தைப் பெரும்பாலும் வயதுதான் தீர்மானிக்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்த அளவு குறைவாகக் காட்டும். ஒரு ஆய்வுக்கூடத்தின் முடிவுக்கும் இன்னொன்றின் முடிவுக்கும் வித்தியாசம் வரவும் செய்யும்.

"குறைந்த ஏ.எம்.ஹெச். இருந்தால் இயல்பாகக் கருத்தரிக்க முடியாது" என்ற நம்பிக்கை மருத்துவமனைகளில்கூட நெடுநாள் இருந்தது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்களின் நிதியில் நடந்த ஓர் ஆய்வு அதை நேராகச் சோதித்துப் பார்த்தது. 30 முதல் 44 வயது வரையிலான 750 பெண்கள். குழந்தையின்மை என்ற வரலாறு இல்லாதவர்கள், அப்போதுதான் முயலத் தொடங்கியவர்கள். 2017-ல் முடிவு வெளியானது. ஏ.எம்.ஹெச். 0.7-க்கும் கீழே இருந்தவர்களில், பன்னிரண்டு மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 84 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். இயல்பான அளவு இருந்தவர்களில் அது 75 சதவீதம். இந்த இரண்டுக்கும் இடையே புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, குறைந்த எண் வந்தவர்கள் பின்தங்கிவிடவில்லை.

இதை அப்படியே உங்களுக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்கள் அப்போதுதான் முயலத் தொடங்கியவர்கள், நீங்கள் இரண்டரை ஆண்டுகள் முயன்றவர். உங்களுக்கு நாளை ஐ.வி.எஃப். செய்தால், உங்கள் வயதில் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவான முட்டைகள் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதுவரை உண்மை. ஆனால் "தீர்ந்துகொண்டு வருகிறது" என்று ஆய்வுக்கூடத்தில் சொன்னது மருத்துவ முடிவு அல்ல. அதைச் சொல்லும் தகுதி அந்த எண்ணுக்குக் கிடையாது.

முக்கியமான ஒன்று உங்கள் மூன்று பக்கக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்தார்களா? குழந்தை உண்டாகத் தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. அந்தப் பரிசோதனை எளிமையானது, வலியில்லாதது. அதைச் செய்யாமல் உங்கள் சினைப்பையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது நியாயமில்லை. மற்ற எந்த முடிவுக்கும் முன்னால் இது நடக்கட்டும்.

மாதிரி கொடுத்தால் முட்டை குறையுமா?

குறையாது. ரத்தம் எடுப்பது, ஸ்கேன் பார்ப்பது, மாதவிடாய் ரத்தத்தைச் சேகரித்துக் கொடுப்பது, இவை எதுவும் சினைப்பையைத் தொடுவதில்லை. இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு முட்டைதான் செலவாகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில், ஒரு பெண் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது அவளிடம் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடுகிறது. பருவமடையும்போது மூன்று நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதும் வெளிவருவது சுமார் 400 மட்டுமே. மற்றவை எல்லாம் யாரும் எதுவும் செய்யாமலேயே, மாதந்தோறும் கூட்டமாக வளரத் தொடங்கிப் பாதியில் கரைந்து போகின்றன. ஐ.வி.எஃப்.-ல் முட்டை எடுக்கும்போதுகூட, அந்த மாதம் எப்படியும் கரைந்து போகவிருந்தவற்றைத்தான் ஊசி போட்டு வளர்த்து எடுக்கிறோம். அதனால் சேமிப்பு சீக்கிரம் காலியாவதில்லை.

அக்கா சொல்வதும் கணவர் சொல்வதும்

இருவரிடமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இருவருமே ஒன்றைத் தவறவிடுகிறார்கள்.

அக்காவின் பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அதற்கு வரலாறு இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில், கருச்சிதைவைத் தடுக்குமா என்று பார்க்க, டயஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். என்ன மாத்திரை என்று சொல்லவில்லை, ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. 1953-ல் வெளிவந்த முடிவு, அந்த மருந்தால் பயனில்லை என்றது. அப்படியும் மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த மருந்தைச் சாப்பிட்ட தாய்மார்களின் மகள்களுக்கு இளம் வயதிலேயே அரிய வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவது 1971-ல் தெரிந்தது. அப்போதுதான் அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தது. எனக்கு இதில் இரண்டு பாடங்கள் தெரிகின்றன. சொல்லாமல் செய்த ஆய்வு ஒரு கொடுமை. ஆய்வு சொன்னதைக் கேட்காமல் நடந்த மருத்துவம் அதைவிடப் பெரிய கொடுமை.

இன்று உங்கள் முன்னால் ஒரு படிவம் இருப்பதே இப்படிப்பட்ட நிகழ்வுகளால்தான். உலக மருத்துவச் சங்கம் 1964-ல் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனம் பல முறை திருத்தப்பட்டிருக்கிறது, கடைசியாக 2024-ல். அதன்படி, என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். ஆய்வைச் சாராத ஒரு நெறிமுறைக் குழு முன்கூட்டியே அனுமதி தந்திருக்க வேண்டும். நடுவில் விலக உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுத்தாலோ விலகினாலோ உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. உங்கள் மருத்துவரே ஆய்வையும் நடத்துகிறவர் என்றால், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு "வேண்டாம்" என்று சொல்வது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான், அப்படிப்பட்ட இடத்தில் சம்மதத்தை வேறொருவர் வாங்க வேண்டும் என்று அந்தப் பிரகடனமே சொல்கிறது. நீங்கள் அதைக் கேட்கலாம். கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து உங்கள் கணவர் சொல்வது. அரசு நிதி என்றால் ஆய்வுத் திட்டத்தை வேறு நிபுணர்கள் படித்துக் கேள்வி கேட்டிருப்பார்கள், ஒரு மருந்தை விற்பது அதன் நோக்கமாக இருக்காது. இதெல்லாம் பொதுவாக உண்மை. ஆனால் அரசு நிதி என்பது "பாதுகாப்பானது" என்ற முத்திரை அல்ல. மருந்து பாதுகாப்பானதா, பலன் தருமா என்று தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. அதைவிட முக்கியம், ஆய்வு என்பது சிகிச்சை அல்ல. சிகிச்சையில் மருத்துவர் உங்களுக்கு எது நல்லது என்று பார்க்கிறார். ஆய்வில் கேள்விக்கு விடை என்ன என்று பார்க்கிறார்கள், உங்களுக்குத் தீங்கு வராதபடி. மருந்தில்லாத மாத்திரை வரும் வாய்ப்பும் உங்களுக்கு இருக்கிறது. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும். "எனக்கு நல்லதைத்தான் கொடுப்பார்கள்" என்று நினைத்துக்கொண்டு சேருகிறவர்கள்தான் பின்னால் மனம் உடைந்து போகிறார்கள். பரிசோதனைகள் சில இலவசமாக நடக்கலாம், போக்குவரத்துச் செலவும் தரலாம். சிகிச்சை கிடைக்கும் என்று எண்ணிச் சேராதீர்கள்.

இந்தப் பணத்தைச் சிகிச்சைக்குக் கொடுத்தால் என்ன?

உங்கள் கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கும் பெண்களுக்கு முட்டை வெளிவர, நெடுங்காலமாக முதலில் கொடுத்துவந்தது குளோமிஃபீன் மாத்திரை. லெட்ரோசோல் என்று இன்னொரு மாத்திரை இருந்தது, மார்பகப் புற்றுநோய்க்காக வந்தது. இது இன்னும் நன்றாக வேலை செய்கிறதோ என்று மருத்துவர்களுக்கு ஒரு சந்தேகம். அதைச் சோதித்துப் பார்க்க எந்த நிறுவனத்துக்கு ஆர்வம் இருக்கும்? காப்புரிமைக் காலம் முடியும் கட்டத்தில் இருந்த மாத்திரை அது. அரசு நிதிதான் அந்தச் சோதனையைச் செய்தது. 750 பெண்கள் பங்கேற்றார்கள். 2014-ல் முடிவு வந்தது: லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கு. இன்று சர்வதேச வழிகாட்டுதல்கள் லெட்ரோசோலைத்தான் முதலில் சொல்கின்றன. உலகெங்கும் மருத்துவர்கள் எழுதும் அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால், எந்த மாத்திரை கிடைக்கிறது என்று தெரியாமலேயே சம்மதித்த 750 பெண்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்தக்கசிவு வந்தால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கொடுப்பது. பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்தார்கள், பலன் உண்டா என்று உறுதியாகத் தெரியாமலே. பிரிட்டனின் பொது நிதியில் 4,153 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால், மருந்து எடுத்தவர்களில் 75 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 72 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது, பெரிய வேறுபாடில்லை. ஆனால் ஏற்கெனவே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவுகளைச் சந்தித்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்திருந்தது, எடுக்காதவர்களில் 57 சதவீதம் பேருக்கு. யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்குத் தேவையில்லை என்பது அப்போதுதான் தெளிவாகத் தொடங்கியது. 2021-ல் அந்த நாட்டின் வழிகாட்டுதலும் மாறியது.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஐ.வி.எஃப்.-க்கு முன்னால் கருப்பையின் உட்சுவரை லேசாகச் சுரண்டிவிட்டால் கரு ஒட்டும் என்று சொல்லிப் பல நாடுகளில் அதைச் செய்துவந்தார்கள். வலிக்கும், தனிக் கட்டணமும் உண்டு. 1,364 பெண்களிடம் முறையாகச் சோதித்து 2019-ல் முடிவு வந்தபோது, சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதம் ஒன்றாகவே இருந்தது, 26.1 சதவீதம். அந்த ஆய்வு பத்து ஆண்டுகள் முன்னாலேயே நடந்திருந்தால் எத்தனை பெண்களின் வலி மிச்சமாகியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெண்ணின் உடலைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் எப்போதும் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. ராபர்ட் எட்வர்ட்ஸும் பேட்ரிக் ஸ்டெப்டோவும் சோதனைக்குழாய்க் குழந்தை ஆராய்ச்சிக்கு நிதி கேட்டபோது பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் 1971-ல் மறுத்துவிட்டது. தனியார் நன்கொடையில் வேலை தொடர்ந்தது, 1978-ல் முதல் குழந்தை பிறந்தது, 2010-ல் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் 1977-ல் வந்த ஒரு வழிகாட்டுதல், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்க நிலைகளிலிருந்து ஒதுக்கியே வைத்தது. 1993-ல்தான் அது விலக்கப்பட்டது. கருவைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது, விளைவு என்னவென்றால் பெண்களுக்கு எந்த மருந்து எப்படி வேலை செய்யும் என்பதே தெரியாமல் போனது. கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்கே பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. உங்களிடம் கேட்கும் அந்த மாதவிடாய் ரத்த மாதிரி இருக்கிறதே, கருப்பை உட்சுவரின் திசு கத்தி வைக்காமல் அதில் கிடைக்கிறது. இத்தனை காலம் அதைக் கழிவு என்றே ஒதுக்கினார்கள். இப்போதுதான் அதைக் கவனமாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆக, சிகிச்சைக்கும் பணம் வேண்டும், உங்கள் ஆதங்கம் நியாயம். ஆனால் எந்தச் சிகிச்சைக்கு என்று தெரியாமல் கொடுக்கும் பணம் பெண்களுக்குப் பயனில்லாத வலியாகத் திரும்பி வரும். உங்கள் 0.6-ஐப் பற்றி நான் மேலே ஆறுதலாகச் சொன்ன கணக்குகூட, முன்பின் தெரியாத 750 பெண்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து வந்ததுதான்.

இரண்டு கையெழுத்து, இரண்டு முடிவு

சரி, இனி படிவத்துக்கு வருவோம். கையெழுத்துக்கு இரண்டு இடங்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் ஏன் "சேர்வதா, வேண்டாமா" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறீர்கள்? பெரும்பாலும் அதன் பொருள், ஒன்றுக்குச் சம்மதித்து மற்றதை மறுக்கலாம் என்பதுதான். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் பகுதியில் உடலுக்கு ஆபத்து மிகவும் குறைவு, ஊசி குத்திய இடத்தில் கொஞ்சம் வலி, அவ்வளவுதான். யோசிக்க வேண்டியது தகவலைப் பற்றி. மாதிரிகளில் உங்கள் பெயர் இருக்குமா, குறியீட்டு எண் மட்டும்தானா? அந்த எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு யாரிடம் இருக்கும்? மரபணுச் சோதனை செய்வார்களா? பத்து ஆண்டுகளில் வேறு ஆய்வுகளுக்கோ தனியார் நிறுவனங்களுக்கோ மாதிரியைக் கொடுப்பார்களா? உங்கள் உடல்நலத்தைப் பாதிக்கும் ஏதாவது தற்செயலாகத் தெரியவந்தால் உங்களுக்குச் சொல்வார்களா? பின்னால் விலகினால் மாதிரியை அழித்துவிடுவார்களா? ஏற்கெனவே ஆராய்ந்து முடித்த தகவலைத் திரும்ப எடுக்க முடியாது என்று பல ஆய்வுகளில் இருக்கும். அது நியாயமானதே, ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வித்தாளைப் பொறுத்தவரை, பதில் சொல்ல விரும்பாத கேள்வியை விட்டுவிட உங்களுக்கு உரிமை உண்டு. பொய்யாக "இல்லை" என்று எழுத வேண்டாம், அது ஆய்வையும் கெடுக்கும், உங்களையும் உறுத்தும். பதில் எழுதாமல் விடுங்கள், அல்லது கேள்வித்தாள் உங்களிடம் தனியாகத்தான் வாங்கப்படும், கணவரிடம் காட்டப்படாது என்று உறுதி வாங்கிக்கொண்டு உண்மையை எழுதுங்கள். அதை ஒரு கைபேசிச் செயலியில் நிரப்பச் சொன்னால், அந்தக் கைபேசியை வீட்டில் வேறு யாரெல்லாம் எடுப்பார்கள் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் தரச் சொல்லியும் கேட்கலாம். கணவரிடம் எப்போதாவது சொல்வதா என்பது முழுக்க உங்கள் முடிவு, அதற்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தம் வேண்டியதில்லை.

இரண்டாம் பகுதி வேறு மாதிரி. உங்கள் இடத்தில் நான் இருந்தால், மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை அங்கே கையெழுத்துப் போட மாட்டேன்.

முதலாவது, அந்த ஆறு மாதத்தில் கருத்தரிக்க முயலலாமா? சில மருந்துச் சோதனைகளில் கருத்தடை கட்டாயம். குழந்தைக்காகத் தவிக்கும் உங்களுக்கு இந்த ஒரு பதிலே முடிவைத் தீர்மானித்துவிடலாம். இரண்டாவது, ஆய்வில் இருக்கும்போது ஐ.யு.ஐ.யோ (விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் முறை) ஐ.வி.எஃப்.போ செய்துகொள்ளத் தடை உண்டா? ஆறு மாதம் என்பது உங்களுக்குப் பயமாக இருக்கும். கருமுட்டை இருப்பு குறைந்த பெண்களில், ஐ.வி.எஃப்.-ஐ மூன்று மாதத்துக்குள் தொடங்கியவர்களையும் மூன்று முதல் ஆறு மாதம் தள்ளித் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2020-ல் வந்தது. குழந்தை பிறந்த விகிதத்தில் வேறுபாடு இல்லை. அதனால் உடல்ரீதியாக ஆறு மாதம் பேரிழப்பாக இருக்காது. ஆனால் காத்திருப்பதன் மனபாரம் எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதையும் கணக்கில் சேருங்கள். மூன்றாவது, மருந்தால் பாதிப்பு வந்தால், அல்லது ஆய்வின் நடுவில் கருத்தரித்தால், என்ன செய்வார்கள்? நான் என்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று அப்போது உடனே சொல்வார்களா? சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? இது படிவத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை போதாது.

இவற்றோடு, ஆய்வின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். மருந்துச் சோதனைகள் பொதுப் பதிவேட்டில் பதியப்பட்டிருக்க வேண்டும், அதில் யார் நிதி தருகிறார்கள் என்பது உட்பட எல்லாம் இருக்கும். பதிவு எண் தரத் தயங்கினால் அந்த ஆய்வில் எதற்கும் கையெழுத்து வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், முதல் பகுதியில் தகவல் பாதுகாப்பு பற்றிய பதில்கள் திருப்தியாக இருந்தால் சேருங்கள் என்பேன். உங்களுக்கு நேரடியாக ஒன்றும் கிடைக்காமல் போகலாம், ஆனால் இழப்பும் இல்லை. இரண்டாம் பகுதியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கணவரின் பரிசோதனை முடிவு வரட்டும். அதில் ஏதாவது தெரியவந்தால் உங்கள் சிகிச்சைப் பாதையே மாறிவிடும், மாத்திரைக்கான ஆய்வில் சேர நீங்கள் தகுதியுள்ளவரா என்பதும் மாறலாம். முடிவு இயல்பாக இருந்தால், அப்போது மூன்று கேள்விகளின் பதில்களோடு மறுபடி யோசியுங்கள். சேராவிட்டாலும் ஐ.யு.ஐ. சில சுழற்சிகள், அதன்பின் ஐ.வி.எஃப். என்ற வழி உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. 35-ஐ நெருங்கும் வயதில் அதைப் பற்றிய பேச்சை இப்போதே மருத்துவரிடம் தொடங்கிவிடுவது நல்லது.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேளுங்கள். அக்காவையும் படிக்கச் சொல்லுங்கள், அவருக்குத் தோன்றும் சந்தேகங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குக் கணவரோடு போங்கள். ஆனால் உங்கள் பழைய மருத்துவ விவரங்களைக் கேட்கும் நேரத்தில் மட்டும் தனியாகப் பேச வேண்டும் என்று வரவேற்பிலேயே சொல்லிவையுங்கள். அது வழக்கமான கோரிக்கைதான், காரணம் கேட்க மாட்டார்கள்.